கப்சாயின் பின் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றும் முறை



பினாங்கில் நம்மவர் வீட்டு வாசலில் கார் இல்லாமல் இருக்கலாம். கப்சாய் இல்லாமல் இராது. கடைக்குச் சரக்கு, மதரஸாவுக்குப் பிள்ளை, சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல், எல்லாவற்றுக்கும் அதுவே வாகனம். இந்த வண்டிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. ஹோண்டா சூப்பர் கப் என்னும் சிறு வண்டி 1958-இல் ஜப்பானில் வெளியாயிற்று. அக்காலத்திலேயே ஜார்ஜ் டவுன் வியாபாரியான லோ பூன் சியூ என்பவர் ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் விற்கும் உரிமையைப் பெற்றுவிட்டார். 2017-இல் அந்த இனத்து வண்டிகளின் உற்பத்தி உலகம் முழுவதும் சேர்த்து 10 கோடியைத் தாண்டியது. அதன் இஞ்சின் லேசில் சாகாது. ஆகவே 20, 25 ஆண்டு ஓடிய வண்டிகள் இன்னும் சூலியா தெருவில் நிற்கின்றன. இஞ்சின் நன்றாக ஓடுவதைப் பார்த்து மற்ற உறுப்புகளும் அப்படியே இருக்கும் என்று நாம் இருந்து விடுகிறோம். அப்படி மறக்கப்படும் உறுப்புகளில் முதன்மையானது பின்பக்கத்து அப்சார்பர்.

சங்கத்துப் பத்திரிகையில் இதை எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அப்சார்பர் போனால் என்ன, கொஞ்சம் முதுகு வலிக்கும், அவ்வளவுதானே என்பதே பெரும்பாலோர் எண்ணம். அது அவ்வளவுதான் அல்ல என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

பாரத்தைத் தாங்குவது அப்சார்பர் அன்று. அதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்தான் தாங்குகிறது. ஸ்பிரிங்குக்கு ஒரு குணம். அமுக்கினால் எழும்பும், எழும்பினால் மறுபடி அமுங்கும். ஊஞ்சலைப் போல, யாராவது பிடித்து நிறுத்தும் வரை ஆடிக்கொண்டே இருக்கும். பிடித்து நிறுத்துகிற கைதான் அப்சார்பர். உள்ளே ஒரு குழாய். குழாய் நிறைய எண்ணெய். எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் நுண்ணிய துளைகள். மருந்து ஏற்றும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பித் தள்ளிப் பாருங்கள். மெதுவாகத் தள்ளினால் இலகுவாகப் போகும். வேகமாகத் தள்ளினால் விரல் நோகும். அதே கதைதான் இங்கும். ஆட்டத்தின் வேகம் எண்ணெயில் சூடாக மாறி அடங்கி விடுகிறது.

சீல் தேய்ந்து அந்த எண்ணெய் கசிந்து போனால் பிடிக்கிற கை இல்லை. வெறும் ஸ்பிரிங் மட்டும் மிச்சம். ஒரு குழியில் இறங்கிய சக்கரம் மூன்று நான்கு தடவை துள்ளும். துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் டயர் தரையைச் சரியாகப் பற்றுவதில்லை. தரையைப் பற்றாத டயருக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் என்ன பயன்? மழை பெய்த நேரத்தில், பாலிக் பூலாவ் மலைப்பாதையின் வளைவில், அல்லது பாலத்தின் இரும்பு இணைப்புகள் மேல் ஏறி இறங்கும்போது இதன் பலன் தெரியும். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அத்தனைக்கும் அப்சார்பர் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின் இருக்கையில் நம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளை நம்மை நம்பித்தான் உட்காருகிறது. அது நம் கையில் இருக்கும் அமானத்து.

கெட்டுவிட்டதா என்று அறிவது எளிது. இருக்கையின் பின்புறத்தைப் பலமாக ஒரு முறை அமுக்கி விடுங்கள். எழும்பி அப்படியே நின்றால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் போய்விட்டது. அடுத்து, தண்டின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாய் ஒட்டினால் சீல் போயிற்று. டயரின் தேய்மானம் மேடும் பள்ளமுமாக இருப்பதும் ஓர் அடையாளம். இன்னொரு வழியும் உண்டு. கரடுமுரடான பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்தால், வேலை செய்த பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். வேலை செய்யாதது குளிர்ந்தே இருக்கும். சைலன்சர் இருக்கும் பக்கம் கை பத்திரம்.

வண்டி ஆடுகிறது என்று கெட்டியான ஸ்பிரிங் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அதனால் உதறல்தான் கூடும், ஆட்டம் அடங்காது. நோய் எண்ணெயில்; மருந்தை இரும்புக்குப் போடுகிறார்கள்!

வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வகையில் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி சாய்வாக நடக்கும். மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை பழையதை அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள். அழகுக்காக உயரமாகப் போட்டால் செயினும் ஸ்டாண்டும் தகராறு செய்யும். லோரோங் கூலிட் பழஞ்சந்தையில் ஸ்பானர் வாங்கலாம், தவறில்லை. பழைய அப்சார்பரைச் சாயம் பூசிக் கொடுத்தால், யார் கொடுத்தாலும், வாங்காதீர்கள். வெளிச்சாயத்தைப் பார்த்து உள்ளிருக்கும் எண்ணெயைக் கணிக்க முடியாது.

இனி வேலை. முதல் நாள் இரவே மேலும் கீழும் உள்ள நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். நம் ஊர் கடற்காற்றில் இது இல்லாமல் முடியாது. அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் ஒடிந்து, ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகும். மறுநாள் வண்டி குளிர்ந்திருக்கும்போது சமதளத்தில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அஞ்சடியில் செய்யலாம், நடப்பவர்களுக்கு வழி விட்டு. இருக்கிற நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பானர் அல்லது சாக்கெட்டே வேண்டும். வளைக்கும் ஸ்பானரைக் கொண்டு மூடி நட்டின் மூலையைத் தேய்த்து விடாதீர்கள்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இது முக்கியம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பின்சக்கரம் தொங்கிவிடும்; பிறகு துளைகளைச் சேர்ப்பது பெரும்பாடு. ஒன்றை விட்டு வைத்தால் அதுவே சக்கரத்தைப் பிடித்திருக்கும். கழற்றும் நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். சில வண்டிகளில் பின் கைப்பிடிக் கம்பியும் அதே போல்ட்டில் பிடித்திருக்கும். சைலன்சர் குறுக்கே நின்றால் அதையும் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும். வெளிவந்த அப்சார்பரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். அதன் ஸ்பிரிங் அமுக்கிப் பூட்டப்பட்டது. கழன்றால் முகத்தில் அறையும்.

தண்டுகளின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, லேசாக கிரீஸ் தடவி, புதியதை மேலே முதலில் மாட்டுங்கள். கீழ்க் கண் சேரவில்லையானால் சக்கரத்தைக் கையால் சிறிது தூக்கிக் கொடுத்தால் போதும், சுத்தியல் எதற்கு? நட்டுகளை விரலால் மட்டும் ஏற்றி வைத்து மறுபக்கத்துக்குப் போங்கள். இரண்டும் ஆனபின் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அப்போது இறுக்குங்கள். தொங்கிய நிலையில் இறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இறுக்கும் அளவு வண்டியின் புத்தகத்தில் இருக்கும். ஸ்பிரிங்கைக் கூட்டிக் குறைக்கும் படிகள் இருந்தால் இரு பக்கமும் ஒரே படியில் வையுங்கள்.

கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல். பழைய மோரிஸ் மைனர் காரில் கை போன்ற அப்சார்பருக்குள் எண்ணெய் ஊற்றி நம் பெரியவர்கள் ஓட்டினார்கள். புரோட்டான் சாகாவும் கஞ்சிலும் அப்படியல்ல. அவற்றின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும், மேக்பர்சன் என்பார்கள். பழைய தூணுக்குள் புதியதைப் போட ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்க வேண்டும். அதற்குரிய கருவியும் பழகிய கையும் இல்லாமல் வீட்டில் அதைத் தொடக் கூடாது. பட்டறைக்குக் கொடுத்து விடுங்கள். ஸ்பிரிங் வேறு, அப்சார்பர் வேறாக இருக்கும் பின்பக்கத்தை வீட்டில் செய்யலாம். ஆனால் ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரும்பு முக்காலிகள் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தலையை நீட்ட வேண்டும்.

கழற்றிய பழைய ஜோடியைச் சாக்கடையோரம் எறியாதீர்கள். உள்ளே எண்ணெய் மிச்சம் இருக்கும். சில வகைகளில் அமுக்கிய வாயுவும் உண்டு, ஆகவே அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது. பழைய இரும்பு வாங்குகிறவரிடம் இன்னதென்று சொல்லியே கொடுங்கள். புதிய ஜோடி ஒரு வாரம் ஓடியபின் நான்கு நட்டுகளையும் ஒரு முறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் போதும்.