கூல்டவுன் கணக்கு

கேள்வி: டயாப்லோ 3-இல் பார்பேரியன் ஆடுகிறேன். கூல்டவுனை 25%, 10%, 10% குறைக்கும் பொருள்கள் போட்டும் 45% குறையவில்லையே, ஏன்?

பதில்: இந்தச் சதவீதங்களைக் கூட்டக் கூடாது. ஒன்று குறைத்தது போக மிச்சத்தில்தான் அடுத்தது குறைக்கும். ‘ராத் ஆஃப் தி பெர்சர்க்கர்’ திறனின் கூல்டவுன், அதாவது அதை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம், 120 நொடி. லியோரிக் கிரீடத்தில் பதித்த வைரம் 25% குறைத்தால் 90. அடுத்த 10% அதை 81 ஆக்கும். இன்னொரு 10% போனால் 72.9. ஆக, மொத்தக் குறைவு 39.25% தான்.

அந்தத் திறன் நீடிப்பதோ 20 நொடி. இடைவெளியைச் சதவீதத்தால் மட்டும் அடைக்கப் பார்த்தால் தாக்கும் பலத்தை இழப்பீர்கள். ‘அப்சிடியன் ரிங் ஆஃப் தி சோடியாக்’ மோதிரம் போடுங்கள். பார்பேரியனின் ஆற்றலான ஃபியூரி செலவாகும் அடி பட்டால், ஏதேனும் ஒரு திறனின் காத்திருப்பில் 1 நொடி கழியும். வேகமாக அடிப்பவருக்கு இதுவே பெரிய லாபம்.