சுவிஸ் வீட்டுக்குத் தபால், போன், இணையம்: சில குறிப்புகள்

சுவிட்சர்லாந்தில் தபாலும் தொலைபேசியும் பெரிதாகக் குறை சொல்ல இடம் வைப்பதில்லை. தொல்லை பெரும்பாலும் நாம் வாசிக்காமல் மேசையில் போட்ட துண்டுச் சீட்டிலிருந்தே தொடங்குகிறது.

1. தபால்பெட்டியில் வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரும் இருக்கட்டும். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு முகவரியில் தனிக் கதவிலக்கம் எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நம் குடும்பங்களில் சிக்கலே இதுதான். கணவருக்கு அவருடைய தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும், மனைவிக்கு அவருடைய தகப்பன் பெயர். ஒன்றை மட்டும் ஒட்டினால் மற்றவரின் வங்கி அட்டை அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும். ஊரிலிருந்து அம்மா வந்து மூன்று மாதம் நின்றாலும் அவர் பெயரையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள்.

2. பதிவுத் தபால், அதாவது ஐன்ஷ்ரைபன், வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் ஓர் அழைப்புச் சீட்டு பெட்டியில் கிடக்கும். 7 நாட்களுக்குள் அடையாள அட்டையோடு போய் எடுத்துவிடுங்கள். 'கெட்ட செய்தியாக இருக்கும், எடுக்காமல் விட்டால் தப்பலாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். தப்ப முடியாது. ஏற்கெனவே ஒரு வழக்கோ விண்ணப்பமோ நடந்துகொண்டிருந்தால், எடுக்காத கடிதமும் 7ஆம் நாள் உங்கள் கையில் கிடைத்ததாகவே கணக்கு. மேன்முறையீட்டுக்கான நாட்கள் அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமலேயே.

3. நீங்கள் அனுப்பும் கடிதத்துக்கு இரண்டு விதமான கணக்கு உண்டு. நீதிமன்றத்துக்கு என்றால், கடைசி நாளில் தபாலில் சேர்த்தாலும் போதும். ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம் அப்படியல்ல, குறித்த நாளுக்குள் அவர்கள் கையில் கிடைத்திருக்க வேண்டும். அடிப்படை மருத்துவக் காப்புறுதியை ஆண்டு முடிவில் மாற்றுகிறவர்கள் நவம்பர் 30 அன்று தபாலகத்துக்கு ஓடுவது வீண் ஓட்டம். ஒரு வாரம் முன்னதாகவே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள்.

4. ஏ-போஸ்ட் அடுத்த வேலைநாளில் போய்ச் சேரும், சனிக்கிழமையும் உண்டு. பி-போஸ்ட் மூன்றாம் வேலைநாளுக்குள் சேரும். 2024 ஜனவரியில் சாதாரணக் கடிதத்துக்கு ஏ-போஸ்ட் 1.20 பிராங், பி-போஸ்ட் 1 பிராங் என்றானது. கல்யாணத்துக்கோ சாமத்திய வீட்டுக்கோ 200 அழைப்பிதழ் அனுப்புகிறவர் பி-போஸ்டில் போட்டால் 40 பிராங் மிச்சம். அச்சகத்தில் அட்டையைத் தெரிவு செய்யும்போதே அளவுகோலைக் கையில் எடுங்கள். 25க்கு 17.6 சென்ரிமீட்டர், தடிப்பு 2 சென்ரிமீட்டர், எடை 100 கிராம் என்ற எல்லையைத் தாண்டினால் இந்தக் கட்டணம் செல்லாது. தங்க நூல் கட்டிய பெரிய அட்டை அழகுதான், தபால் செலவையும் சேர்த்து யோசியுங்கள்.

5. ஊரிலிருந்து உறவினர் அனுப்பும் அன்பளிப்புப் பொதி 100 பிராங் பெறுமதி வரை வரியில்லாமல் வரும். மதுவும் புகையிலையும் இதில் சேராது. பொதியின் மேல் உள்ளே இருப்பதையும் உண்மையான பெறுமதியையும் எழுதச் சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை ஒளித்து அனுப்பச் சொல்லாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ அது உள்ளே வர முடியாது.

6. பொலிஸ் 117, தீயணைப்பு 118, அம்புலன்ஸ் 144. குழந்தை மருந்தையோ சவர்க்காரத் திரவத்தையோ விழுங்கிவிட்டால் 145. நச்சுத் தகவல் நிலையம் இரவு பகல் பதில் சொல்லும். வீட்டுத் தொலைபேசி இப்போது இணையப் பெட்டி வழியாகத்தான் வேலை செய்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். முதியவர்கள் தனியே இருக்கும் வீட்டில் ஒரு கைத்தொலைபேசியும் எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.

7. 0800 இலவசம். 0900, 0901, 0906 என்று தொடங்கும் இலக்கங்களுக்குப் பணம் கறந்துவிடுவார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவற்றை அடைத்துவிடும்படி நிறுவனத்திடம் கேளுங்கள்.

8. எல்லை ஊர்களில் போனைக் கவனியுங்கள். பாசலிலும் ஜெனீவாவிலும் வீட்டுக்குள் இருந்தபடியே போன் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூனில் ரோமிங் மேலதிகக் கட்டணம் நீங்கியபோது சுவிஸ் அதில் சேரவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த நாடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லையோரத்தில் வசிப்பவர்கள் வலையமைப்பைத் தானாகத் தேடும் வசதியை நிறுத்தி, சொந்த நிறுவனத்தைக் கையால் தெரிவு செய்வது நல்லது. லிச்சென்ஸ்டைன் சின்ன இடம், பேருந்தில் போய்வரலாம் என்றாலும் போனுக்கு அது வெளிநாடுதான். அதன் நாட்டு இலக்கம் 423.

9. நிறுவனம் மாறும்போது பழைய இலக்கம் வேண்டுமென்றால், பழைய ஒப்பந்தத்தை நீங்களாக முறிக்க வேண்டாம். இலக்க மாற்றுப் படிவத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் அவர்களே முறிப்பார்கள். அவசரப்பட்டு முதலில் முறித்தால் இலக்கம் கைவிட்டுப் போகும்.

10. கண்ணாடியிழை இணைப்புள்ள வீட்டில் சுவர்ப் பெட்டியின் மேல் ஒரு ஓ.டி.ஓ. இலக்கம் ஒட்டியிருக்கும். வீட்டுச் சாவியை வாங்கும் அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள். இணையத்துக்குப் பதியும்போது முதலில் கேட்பது அதைத்தான். மலைக் கிராமத்தில் வீடு எடுத்து, அங்கே எந்த நிறுவனமும் நல்ல வேகம் தராவிட்டால் அடிப்படைச் சேவையைக் கேளுங்கள். 2024 முதல் நொடிக்கு 80 மெகாபிட் வேகமும் அதில் அடக்கம்.

11. போனில் பேசியே ஒப்பந்தம் போடவைக்கும் விற்பனையாளருக்கு 'ஜா, ஜா' சொல்லிப் பழகியவர்கள் நம்மில் அதிகம். 100 பிராங்குக்கு மேற்பட்ட அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் எழுத்தில் திரும்பப் பெறலாம். பிறகு தவறான பில் வந்து, நிறுவனம் எழுத்து முறைப்பாட்டுக்கும் அசையாவிட்டால் பெர்னில் உள்ள ஒம்புட்ஸ்கொம் என்ற தீர்வு நிலையத்துக்கு எழுதுங்கள். கட்டணம் 20 பிராங். பில்லின் நகல், உங்கள் கடிதம், அவர்களுடைய பதில் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.