தறி வீட்டுக்கு ஏற்ற விளக்கு

சென்ற ஆண்டு இறுதியில் நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு இருப்புச் சரிபார்ப்புக்காகச் சென்றிருந்தேன். அன்று சேலை கொணர்ந்த அம்மையார் ஒருவரின் கூலியில் ஒரு தொகை கழிக்கப்பட்டது. அரக்கு நிற உடலில், முந்தானைக்குச் சற்று முன்னர், நான்கு விரற்கடை அகலத்துக்கு நிறம் மாறிப் பட்டையாகத் தெரிந்தது. வேறொரு சாயத் தொகுதியின் ஊடை நூல் இடையே சில தார்களில் கலந்துவிட்டதே காரணம். "ராத்திரி விளக்கில் பார்த்தப்போ ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்தது சார்" என்றார் அவர். விதிப்படி கழிவு சரியே. பதிவேட்டில் நானும் கையொப்பமிட்டேன். ஆயினும் மாலையில் அவர் வீட்டுக்குச் சென்று, குழித்தறியின்மேல் தொங்கிய எல்.இ.டி. விளக்கின் கீழ் அவ்விரு நூற் சிட்டங்களையும் வைத்துப் பார்த்தேன். எனக்கும் வேறுபாடு தெரியவில்லை.

எல்.இ.டி. விளக்கு சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. பழைய 60 வாட் பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட் செலவாகும். ஏறத்தாழ அதே ஒளியைத் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்றே மேல். 2015-இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியபின் இவ்விளக்கு சிற்றூர்களுக்கும் மலிவாக வந்தது. ஆனால் நம்மில் பலர் வாட் எண்ணையும் விலையையும் மட்டுமே பார்த்து வாங்குகிறோம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். தரும் ஒளியின் அளவு லூமென். இரண்டும் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். 9 வாட்டுக்கு 800 லூமெனுக்கும் குறைவாகத் தரும் விளக்கை விலக்குதல் நலம்.

நெசவாளர் முதன்மையாகக் கருத வேண்டியது வேறோர் எண்: சி.ஆர்.ஐ. எனப்படும் நிறங்காட்டும் திறன். பகலொளிக்கு இது 100. பழைய பல்புக்கும் ஏறக்குறைய அதுவே. வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளி வீசும் சில்லின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சிட்டுச் செய்யப்படுவது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும். ஆனால் ஆழ்ந்த சிவப்பு அதில் குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தை நூல் எவ்வாறு திருப்பிக் காட்டும்? ஆகவேதான் அரக்கும் பழுப்பும் அவ்வொளியில் ஒன்றுபோல் மயக்கும். பெட்டியில் 80 என்று கண்டு அமைதியடைதலும் போதாது. அவ்வெண் எட்டு மென்னிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் சேர்ந்ததன்று, அதனைத் தனியே அளக்கிறார்கள். தறிக்கு மேலே 90-க்குக் குறையாத விளக்கே வேண்டும். விலை சற்று அதிகம். எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். மிளகாய் வற்றலை இரவில் தரம் பிரிக்கும் வேளாண் அங்கத்தினர்க்கும் இது பொருந்தும்.

வெண்மை மிகுந்தால் நிறம் மெய்யாகத் தெரியும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே உண்டு, அது தவறு. கெல்வின் எண் ஒளியின் சாயலை மட்டுமே குறிக்கும்: 2700 இளமஞ்சள், 6500 நீலம் கலந்த வெண்மை. தறிக்கு 4000 முதல் 6500 வரை எதுவாயினும் ஆகும். படுக்குமிடத்துக்கு 2700 போதும். நீலம் மிகுந்த ஒளி இரவில் உறக்கத்தைத் தள்ளிப்போடும்.

கடைக்குச் செல்லும்போது அரக்கு, பழுப்பு, மயில் கழுத்து ஆகிய நூல்களில் சிறு துண்டுகளைக் கொண்டு செல்லுங்கள். வாயிலில் பகலொளியில் ஒருமுறை, விளக்கின் கீழ் ஒருமுறை பார்த்தால் அச்சிட்ட எண்ணைவிட உங்கள் கண்ணே நன்கு தீர்ப்புச் சொல்லும். விளக்கின் முன் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டிப் பாருங்கள். ஒன்று பலவாகத் துண்டுபட்டுத் தோன்றினால் அவ்விளக்கு துடிக்கிறது. நாடா ஓடும் இடத்தில் அது கண்ணை அயரச் செய்யும். இந்திய தர நிர்ணயப் பணியகத்தின் பதிவு எண் இல்லாத விளக்கை எவ்வளவு மலிவாயினும் வாங்க வேண்டாம்.

தொங்கவிடும் இடமும் முக்கியம். எட்டடி உயரத்திலுள்ள விளக்கை நாலடிக்கு இறக்கினால் துணியின்மேல் விழும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். தலையின் நிழல் நெய்யும் இடத்தில் விழாதவாறு சற்றே முன்னும் பக்கவாட்டிலும் அமைக்க வேண்டும். மூடிய கண்ணாடிக் கூண்டில் இடலாகாது. வெப்பம் வெளியேறாவிடின் உள்ளிருக்கும் மின்பகுதி விரைவில் கெடும். பெட்டியிலுள்ள 25,000 மணி நேரமெல்லாம் காற்றோட்டமான இடத்துக்குரிய கணக்கு.

மேற்சொன்ன சங்கத்தில் நூல் வழங்கும் மேசை உள்ளறையில் குழல்விளக்கின் கீழும், சேலை வாங்கும் மேசை வாயிற்புறத்தில் பகலொளியிலும் இருந்தன. நூலை ஓரொளியில் கொடுத்துத் துணியை வேறோர் ஒளியில் சோதித்தல் முறையன்று என ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். கழித்த கூலியைத் திருப்பித் தர விதியில் இடம் காணவில்லை. அடுத்த மாதமே நூல் மேசை வாயிற்புறத்துக்கு மாற்றப்பட்டது. இப்போது ஒவ்வொரு சாயத் தொகுதியின் சிட்டத்திலும் வெவ்வேறு நிறக் கயிறு கட்டித் தருகிறார்கள்.