தலைக்கு எட்டு ஷில்லிங்

நுழையும்முன்
ஒரு குழந்தை பள்ளிக்கு வருவதையும் தேர்வில் தேறுவதையும் பணமாகக் கணக்கிட்டால் என்ன நேரும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இதனைச் சட்டமாக்கியே பார்த்தது.

1858இல் அமைக்கப்பட்ட நியூகாசில் ஆணையம் 1861இல் தன் அறிக்கையை அளித்தது. ஏழைக் குழந்தைகள் பலர் பள்ளியில் பெயர் பதிந்திருந்தும் ஒழுங்காக வருவதில்லை. வருவோரிலும் பலர் எழுத்தும் கணக்கும் செம்மையாகக் கற்காமலே வெளியேறுகின்றனர் என்பது அதன் முடிபு. கல்விக் குழுவின் துணைத்தலைவராக இருந்த இராபர்ட் லோ, அரசுப் பணம் விளைவுக்கே தரப்பட வேண்டும் என்று கருதினார். அவர் முயற்சியால் 1862இல் 'திருத்திய விதித்தொகுப்பு' நடைமுறைக்கு வந்தது.

அதன் கணக்கு எளியது. சராசரி வருகையைக் கொண்டு ஒரு குழந்தைக்கு 4 ஷில்லிங். அதற்குமேல், ஆறு வயது நிரம்பிய குழந்தை 200 வேளைகளுக்கு மேல் வந்திருந்து, ஆய்வாளர் நடத்தும் ஆண்டுத் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். ஒரு ஷில்லிங்கிற்கு 12 பென்ஸ் என்பதால், மூன்றிலும் தவறினால் எட்டு ஷில்லிங்கும் போய்விடும். காலையும் பிற்பகலும் தனித்தனி வேளைகளாக எண்ணப்பட்டமையால் 200 வேளை என்பது நூறு நாள்தான். அந்த நூறு நாளே பல குழந்தைகளுக்கு எட்டாத தொலைவாக இருந்தது.

ஏன்? அன்றைய தலைமையாசிரியர்கள் எழுதிவைத்த பள்ளி நாட்குறிப்பேடுகள் விடை கூறுகின்றன. அறுவடைக்குச் சென்றனர்; உருளைக்கிழங்கு பொறுக்கச் சென்றனர்; தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றனர்; மழையில் நடக்கக் காலணி இல்லை. வறுமை வருவித்த இவ்விடைவெளிக்கு அபராதம் கட்டியது பள்ளி. பள்ளி நிருவாகிகள் அக்குறைவை ஆசிரியரின் ஊதியத்தில் ஈடுசெய்தலும் உண்டு. வருகையை உண்மையில் உயர்த்தியவை வேறு: 1880இன் கட்டாய வருகைச் சட்டம், 1891இல் பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம் நீங்கியமை போன்றவை.

தேர்வோ நாடு முழுமைக்கும் ஆறு நிலைகளாக வகுக்கப்பட்டிருந்தது. முதல் நிலையில் ஓரசைச் சொற்களாலான கதையை வாசிக்க வேண்டும். ஆறாம் நிலையில் செய்தித்தாளின் பத்தி ஒன்றை வாசிக்க வேண்டும். கூர்மையான மாணவர் சிலரை மட்டுமே முன்னிறுத்திய பள்ளிகள் கடைசி இருக்கைக் குழந்தையையும் கவனிக்க நேர்ந்தது இம்முறையின் நன்மையே. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே வாசிப்பு நூலைத் திரும்பத் திரும்பப் படித்ததால், எழுத்தறியாத குழந்தையும் ஆய்வாளர்முன் நூலை மனப்பாடமாக ஒப்பித்தது. ஊதியம் ஈட்டாத வரலாறும் புவியியலும் பின்தள்ளப்பட்டன. தேர்வு நாளில் நோயுற்ற குழந்தைகளையும் அழைத்து வந்து அமர்த்தினர்; ஒரு தலை குறைந்தால் எட்டு ஷில்லிங் அல்லவா!

கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். பள்ளி வாழ்வு எந்திரத்தனமாகிவிட்டது என்று அரசுக்கு அளித்த அறிக்கைகளிலேயே எழுதினார். தம்மை அமர்த்திய துறையையே குறைகூறும் துணிவு எல்லா அலுவலர்க்கும் வாய்ப்பதன்று. அரசுக்கோ செலவு குறைந்தது: 8 இலட்சம் பவுண்டைத் தாண்டியிருந்த மானியம் 1865இல் ஏறத்தாழ 6.4 இலட்சமாகச் சுருங்கியது. ஆய்வாளர் அறிக்கைகளைத் துறை திருத்தி வெளியிடுகிறது என்ற குற்றச்சாட்டு எழ, 1864இல் லோ பதவி விலகினார். முறை மட்டும் விலகவில்லை. 1890களில்தான் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது.

சென்னை மாகாணத்திலும் இம்முறை வேரூன்றியது. திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் பலர், ஆய்வாளர்முன் தம் மாணவர் தேறிய அளவுக்கேற்ப மானியம் பெற்றனர். இந்திய அரசின் 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானமே அதனைக் கைவிட வழிவகுத்தது. பிறந்த மண்ணில் மறைந்த பின்னும் சில ஆண்டுகள் இங்கே அது பள்ளிகளை அளந்துகொண்டிருந்தது.