அப்பிள் வளர்ப்பு: சேதன முறையும் ஒருங்கிணைந்த முறையும்

சேதன அப்பிள் என்றால் மருந்தே தெளிக்கப்படாத பழம் எனப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. சேதனத் தோட்டத்திலும் கந்தகம் போன்றவை தெளிக்கப்படுகின்றன. விலக்கப்படுபவை செயற்கைப் பசளைகளும் செயற்கைப் பீடைநாசினிகளுமே. ஒருங்கிணைந்த முறையில் அவற்றுக்கும் இடமுண்டு. ஆயினும், பொறி வைத்துப் பூச்சிகளை எண்ணி, சேதம் எல்லை மீறும் எனக் கண்ட பின்னரே மருந்து தெளிக்கப்படும்.

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள யாக்கிமா பள்ளத்தாக்கில், இவ்விரு முறைகளும் வழக்கமான முறையுடன் அருகருகே ஒப்பிடப்பட்டன. 1994இல் நடப்பட்ட ‘கோல்டன் டிலிசியஸ்’ மரங்களை ஜோன் ரெகனோல்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் ஆறு பருவங்கள் கவனித்தனர். முடிவுகள் 2001இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின. விளைச்சல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. கூட்டெருவும் மரப்பட்டை மூடாக்கும் இடப்பட்ட சேதன, ஒருங்கிணைந்த நிலங்களின் மண்வளமோ வழக்கமான நிலத்தை விஞ்சியது. சேதனப் பழம் இனிப்பிலும் முந்தியது.

வருமானத்தில்தான் இரண்டும் பிரிந்தன. சேதனப் பழத்துக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் போட்ட முதல் 9 ஆண்டுகளில் மீளும் எனவும், ஒருங்கிணைந்த முறையில் அதற்கு 16 ஆண்டுகள் செல்லும் எனவும் கணிக்கப்பட்டது. மண்ணைப் பேணியும் சந்தையில் தனிப்பெயர் இல்லாததே அம்முறையின் குறை.

யாக்கிமா வறண்ட பிரதேசம் என்பதையும் மறத்தலாகாது. மழை மிகுந்த இடங்களில் இலையிலும் பழத்திலும் கரும்புள்ளியாகப் படரும் பூஞ்சண நோய் சேதன முறையைக் கடினமாக்கும். வீட்டுத் தோட்டத்தில் அப்பிள் நட விரும்புவோர் அந்நோயைத் தாங்கும் இனத்தைத் தெரிவுசெய்து, உதிர்ந்த இலைகளைக் குளிர்காலத்துக்கு முன்னரே அகற்றிவிடுதல் நன்று.