பாரிஸ் மாலைகள்

பாரிஸில் முதுகலை படிக்கிறேன். வயது 22. கையில் காசு குறைவு. வகுப்பு முடிந்தபின் ஊர் சுற்ற முடியுமா? இரவில் எப்படித் திரும்புவது?

காசுக் கவலையே வேண்டாம், உங்கள் வயதே நுழைவுச்சீட்டு! ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள் இரண்டிலும் அனுமதி இலவசம். வசிப்பிடச் சான்றைக் காட்டினால் போதும். 26 பிறப்பதற்குள் ஆசைதீரப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை லூவர் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். வெளியே வந்தால் கண்ணாடிப் பிரமிடு உள்ளிருந்து ஒளிரும். சென் நதிக்கரை பக்கம்தான்; நீள ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்தபடி மாணவர்கள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். இருட்டியபின் மணிக்கொரு முறை ஈபிள் கோபுரம் 5 நிமிடம் மினுமினுக்கும். அதற்குக் கட்டணம் ஏது!

மெட்ரோ ஏறத்தாழ 1.15 வரை ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் 2.15 வரை. தவறவிட்டால் நாக்டிலியன் இரவுப் பேருந்து இருக்கிறது. மாணவர் பாஸ் அதிலும் செல்லும்.