ஸ்டுடியோவுக்கு அம்மன் பெயரா?

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ தொடங்குகிறேன். 'காமாட்சி' என்று வைக்கச் சொல்கிறார் அம்மா. வைக்கலாமா?
- வாசகர், பெரிய காஞ்சிபுரம்

பதில்: அம்மாவின் ஆசை நியாயமானதே. ஆனால் உங்கள் ஊரில் பட்டுக்கடை, ஓட்டல் என்று எத்தனையோ போர்டுகளில் அந்தப் பெயர்தான். முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் வெளியூர்க்காரர் ஆல்பத்தின் ஓரத்தில் 'காமாட்சி' என்று பார்த்தால், ஊருக்குப் போய் செல்போனில் தேடி உங்களைக் கண்டுபிடிப்பாரா? 'காஞ்சி' என்று மட்டும் வைத்தாலும் அதே கதி. வெறும் ஊர்ப்பெயரை டிரேட்மார்க்காகப் பதிவதும் கடினம்.

காமாட்சியோடு உங்கள் பெயரையோ தாத்தா பெயரையோ சேருங்கள். 1910-இல் தொடங்கிய ஜி.கே.வேல் ஸ்டுடியோ இன்றும் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. போர்டு எழுதுமுன் டிரேட்மார்க் இணையதளத்தில் 41-ஆம் வகுப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். புகைப்படச் சேவை அதில்தான் வரும். போர்டில் தமிழே பெரிதாக இருக்கட்டும், விதியும் அதுதான்.